பொருநைப் படுகையின் ஆகாரமும் மீனெண்ணெயும்

பொதிகை மலையில் பிறந்து, பாபநாசத்தில் சமவெளிக்கு இறங்கி, அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி, திருநெல்வேலி, ஸ்ரீவைகுண்டம், ஏரல், ஆத்தூர் என்னும் ஊர்களைத் தொட்டுக்கொண்டு புன்னைக்காயலுக்கு அருகே மன்னார் வளைகுடாவை அடையும் தாமிரபரணி என்னும் பொருநை, ஏறத்தாழ 128 கிலோமீட்டர் தூரமே ஓடுகிறது; 1986இல் தூத்துக்குடி தனி மாவட்டமாகப் பிரியும் வரையில், பிறந்த ஜில்லாவிலேயே கடலை அடையும் நதி என்னும் பெருமையும் அதற்கு இருந்தது. அந்தச் சிறிய தூரத்துக்குள்ளேயே இருவேறு ஆகார மரபுகள் அடங்கியிருக்கின்றன. மேற்கே நெல்லும் உளுந்தும் எள்ளும் விளைகிற நன்செய் ஊர்களில், புலால் தொடாத வேளாளர் வீடுகளும் அக்கிரகாரங்களும் நிறைந்த தெருக்களில், கொழுப்பு என்றால் நல்லெண்ணெயும் நெய்யும். கிழக்கே புன்னைக்காயல், காயல்பட்டினம், வீரபாண்டியன்பட்டினம், மணப்பாடு என்று நீளும் கடற்கரையில் தேங்காயும் மீனும். மனித சரீரம் தானே உண்டாக்கிக்கொள்ள இயலாததும் ஆகாரத்தின் மூலமாக மட்டுமே பெறக்கூடியதுமான சில கொழுப்பு அமிலங்களைப் பற்றியும், அவற்றின் பெயரால் பாளையங்கோட்டை மருந்துக் கடைகளில் பொன்னிற மாத்திரைகளாக விற்கப்படும் மீனெண்ணெயைப் பற்றியும் ஆராய விரும்புகிறவனுக்கு, இந்தப் படுகையைக் காட்டிலும் பொருத்தமான களம் எளிதில் கிடைக்காது.

கொழுப்பு என்பது உடலுக்கு எரிபொருள் மாத்திரமே, மாவுப்பொருளிலிருந்து சரீரம் அதைத் தானே செய்துகொள்ளும், ஆதலால் ஆகாரத்தில் அது இல்லாமற்போனாலும் கேடில்லை என்றே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்து விஞ்ஞானிகள் பெரும்பாலும் நம்பியிருந்தார்கள். அந்த நம்பிக்கையை உடைத்தவர்கள் அமெரிக்காவின் மினசோட்டா சர்வகலாசாலையில் பணியாற்றிய ஜார்ஜ் பர், மில்ட்ரெட் பர் என்னும் தம்பதியர். சுத்திகரித்த கேசீனும் சர்க்கரையும் உப்புகளும் அப்போது அறியப்பட்டிருந்த வைட்டமின்களும் கொடுத்து, கொழுப்பை அறவே நீக்கி அவர்கள் வளர்த்த எலிகளின் வால் செதில் செதிலாக வெடித்தது, ரோமம் உதிர்ந்தது, வளர்ச்சி நின்றது, சிறுநீரகம் கெட்டது, இனப்பெருக்கம் தடைப்பட்டது, தோல் வழியே நீர் கசிந்து வற்றியதால் அவை ஓயாமல் தண்ணீர் குடித்தன. லினோலெயிக் அமிலத்தைச் சிறிதளவு கொடுத்ததும் அந்த எலிகள் தேறின. 1929இலும் 1930இலும் வெளியான இக்கட்டுரைகளிலிருந்தே அத்தியாவசியக் கொழுப்பு அமிலம் என்னும் கருத்து பிறந்தது. அதே காலத்தில் நம் சென்னை ராஜதானியின் குன்னூரில், 1918இல் ராபர்ட் மக்காரிசன் சிறு ஆய்வுக்கூடமாகத் தொடங்கிய ஸ்தாபனத்தில், தென்னிந்தியரின் அரிசிச் சோற்றையும் அதன் குறைகளையும் குறித்த பரிசோதனைகள் நடந்துகொண்டிருந்தன; அதுவே 1958இல் ஹைதராபாத்துக்குப் பெயர்ந்து இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது.

எலிக்கு நிரூபணமானது மனிதனுக்கும் பொருந்துமா என்னும் ஐயம் நெடுநாள் நீடித்தது. பர் தம்பதியரோடு பணியாற்றிய வில்லியம் பிரௌன் என்னும் விஞ்ஞானி ஆறு மாத காலம் கொழுப்பு நீக்கிய உணவையே தாம் உண்டு பார்த்தார். தோலில் யாதொரு கோளாறும் தோன்றவில்லை, அவருக்கிருந்த ஒற்றைத் தலைவலிகூட நின்றுபோயிற்று. வளர்ந்த மனிதனின் உடலில் சேமிக்கப்பட்டிருக்கும் கொழுப்பு அந்த ஆறு மாதத்தை ஈடுசெய்யப் போதுமானது என்பது பின்னரே விளங்கிற்று. சேமிப்பில்லாத குழந்தைகளின் நிலை வேறு. ஆரில்ட் ஹான்சன் 1963இல் வெளியிட்ட ஆய்வில், 428 சிசுக்களுக்கு வெவ்வேறு பால் கலவைகள் கொடுக்கப்பட்டபோது, லினோலெயிக் அமிலம் மிகக் குறைந்த கலவையை உண்டவற்றின் தோல் வறண்டு தடித்தது. ஆயினும் இவையெல்லாம் ஒமேகா-6 என்னும் குடும்பத்தைப் பற்றியவை. ஒமேகா-3 குடும்பத்தின் அவசியத்தை மருத்துவ உலகுக்கு உணர்த்தியது ஒரு சிறுமியின் சரித்திரம். துப்பாக்கிக் காயத்தால் குடலின் பெரும்பகுதியை இழந்து, நரம்பின் வழியே ஏற்றப்பட்ட போஷாக்கிலேயே உயிர்வாழ்ந்த ஆறு வயதுப் பெண் அவள். அவளுக்கு ஏற்றப்பட்டது குசும்பா எண்ணெய்க் குழம்பு. அதில் லினோலெயிக் அமிலம் மிகுதி, ஆல்ஃபா லினோலெனிக் அமிலமோ அனேகமாக இல்லை. சில மாதங்களில் கைகால் மரத்தது, நடக்க இயலாமற்போயிற்று, பார்வை மங்கியது. குசும்பாவை நீக்கிச் சோயா எண்ணெய்க் குழம்பை ஏற்றியதும் அந்தக் குறிகள் மறைந்தன. ரால்ஃப் ஹோல்மனும் அவருடைய சகாக்களும் 1982இல் வெளியிட்ட இந்த வரலாற்றை நான் படிக்கும்போதெல்லாம், எண்ணெய் என்று பொதுவாக நாம் சொல்லிவிடுகிற ஒன்றுக்குள் எத்தனை பேதங்கள் அடங்கியிருக்கின்றன என்று வியப்படைகிறேன்.

லினோலெயிக் அமிலம் ஒமேகா-6 குடும்பத்தின் தலைமகன். ஆல்ஃபா லினோலெனிக் அமிலம் ஒமேகா-3 குடும்பத்தினுடையது. இவ்விரண்டையும் சரீரம் நீட்டியும் மாற்றியும், முன்னதிலிருந்து அரக்கிடோனிக் அமிலத்தையும், பின்னதிலிருந்து சுருக்கமாக இ.பி.ஏ., டி.எச்.ஏ. என்று வழங்கும் நெடுஞ்சங்கிலி அமிலங்களையும் செய்துகொள்கிறது. ரத்தம் உறைவதையும் அழற்சியையும் ஆளுகிற பல திரவியங்கள் இவற்றிலிருந்தே பிறக்கின்றன. மூளையிலும் கண்ணின் விழித்திரையிலும் டி.எச்.ஏ. செறிந்திருக்கிறது. கன்னடியன் அணைக்கட்டின் ஒரே மடை வழியாக இரண்டு ஓடைகளுக்கு நீர் பிரிவதாகக் கொண்டால், ஒன்றில் பாய்ச்சல் மிகும்போது மற்றொன்று இளைப்பதைப்போல, இரு குடும்பங்களும் ஒரே நொதிகளை நாடுவதால் ஒன்று பெருகினால் மற்றதன் மாற்றம் குறைகிறது. சரீரம் ஆல்ஃபா லினோலெனிக்கில் நூற்றுக்கு ஐந்து முதல் எட்டுப் பங்கையே இ.பி.ஏ. ஆக்குகிறது என்றும், டி.எச்.ஏ. ஆக மாறுவது நூற்றில் ஒன்றுக்கும் குறைவு என்றும் கணக்கிட்டிருக்கிறார்கள். இளம் பெண்களிடம் இந்த ஆற்றல் சற்று அதிகம்.

இனி நம் அடுப்படிக்கு வருவோம். கருப்பட்டி சேர்த்து மரச்செக்கில் ஆட்டிய நல்லெண்ணெயில் லினோலெயிக் அமிலம் நூற்றுக்கு 40க்கும் மேல். ஒமேகா-3 பெயரளவுக்கே உண்டு. கடலை எண்ணெயில் லினோலெயிக் ஏறத்தாழ 30 பங்கு. அதிலும் ஒமேகா-3 இல்லையென்றே சொல்லலாம். தேங்காயெண்ணெய் பெரிதும் பூரிதக் கொழுப்பு; அத்தியாவசிய அமிலம் அதில் இரண்டு பங்கு கிடைத்தால் அதிகம். பின்னாளில் உறைகளில் வந்து பரவிய சூரியகாந்தி எண்ணெயிலோ லினோலெயிக் நூற்றுக்கு அறுபதைத் தாண்டுகிறது. 2007 முதல் நியாயவிலைக் கடைகளில் மலிவாக வழங்கப்பட்டுவரும் பாமாயிலில் பாதிக்கு நெருக்கமாகப் பூரிதக் கொழுப்பு, லினோலெயிக் பத்துப் பங்கு அளவு. இந்தப் பட்டியலைக் கூர்ந்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். வயது வந்தவருக்கு நாளொன்றுக்கு வேண்டிய சக்தியில் நூற்றுக்கு 2.5 பங்கேனும் லினோலெயிக்கிலிருந்து வரவேண்டும் என்று உலக சுகாதார ஸ்தாபனமும் உணவு விவசாய ஸ்தாபனமும் கூட்டிய நிபுணர் குழு கூறுகிறது. 2,000 கலோரி உண்பவருக்கு அது சுமார் 5.5 கிராம். தோசைக்கும் துவையலுக்கும் மிளகாய்ப் பொடிக்குமாக 15 மில்லி நல்லெண்ணெய் ஊற்றிக்கொள்ளும் திருநெல்வேலிக்காரர் அந்தத் தேவையை அந்த ஒன்றிலேயே தீர்த்துவிடுகிறார். ஆகவே இப்படுகையில் ஒமேகா-6 பஞ்சம் இல்லை. மேற்குப் பகுதியில் பஞ்சம் என்று ஒன்று உண்டென்றால் அது ஒமேகா-3 குடும்பத்துக்கே. இதைக் கேட்டவுடன் நல்லெண்ணெயைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திவிடுவாரும் உளர். அது நியாயமன்று. லினோலெயிக் மிகுந்தால் மனிதரிடத்தில் அழற்சி மிகுகிறது என்னும் கூற்றுக்குப் பரிசோதனைகள் உறுதியான ஆதரவு தரவில்லை. பூரிதக் கொழுப்பின் இடத்தில் அது அமரும்போது ரத்தக் கொலஸ்டிரால் குறைகிறது. குறையாக இருப்பதைக் கூட்டுவதே வழி; நிறைவாக இருப்பதைத் தூற்றுவதால் ஆவதொன்றுமில்லை.

அந்தக் குறையை ஓரளவு நிரப்பும் பொருள் இவ்வூர் மக்களின் களஞ்சியத்திலேயே தலைமுறை தலைமுறையாக இருந்துவருகிறது என்பதை அறிந்தபோது நான் அடைந்த மகிழ்ச்சி சிறிதன்று. அது உளுந்து. பருப்பு வகைகளில் கொழுப்பு சொற்பம். உளுந்தில் 100 கிராமுக்கு ஒன்றரை கிராம் அளவே இருக்கும். எனினும் அந்தச் சொற்பத்தில் ஏறத்தாழ பாதி ஆல்ஃபா லினோலெனிக் அமிலமாக அமைந்திருப்பது உளுந்தின் சிறப்பு. ஹைதராபாத் நிறுவனத்தில் இந்தியரின் கொழுப்பு உணவைப் பற்றிப் பல்லாண்டுகள் ஆராய்ந்த கஃபூருன்னிஸா, எண்ணெயென்று கண்ணுக்குத் தெரியாமல் தானியத்திலும் பருப்பிலும் கீரையிலும் மறைந்திருக்கும் கொழுப்பைக் கணக்கில் சேர்க்க வேண்டியதன் அவசியத்தைத் திரும்பத் திரும்ப வற்புறுத்தியவர். நாளொன்றுக்கு ஒரு கிராமுக்குச் சற்று மேற்பட்ட ஆல்ஃபா லினோலெனிக் போதுமென்று மேலே கூறிய குழு வகுத்திருக்கிறது. தொலி நீக்காத கறுப்பு உளுந்தை உடைத்து அரிசியோடும் பூண்டு, வெந்தயம், தேங்காய்த் துருவலோடும் சேர்த்து வேகவைத்து, எள்ளுத் துவையலோடு பரிமாறுகிற உளுந்தம்பருப்புச் சோற்றை இந்த ஜில்லாவில் அறியாதார் இல்லை. பூப்பெய்திய பெண்ணுக்குக் கருப்பட்டியும் நல்லெண்ணெயும் விட்டுக் கிண்டிக் கொடுக்கிற உளுந்தங்களியையும் அப்படியே. ஒருவருக்கு ஐம்பது கிராம் உளுந்து சேருகிற ஒரு வேளைச் சாப்பாடு, அன்றாடத் தேவையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைத் தந்துவிடுகிறது. இட்லி, தோசையில் சேர்வதையும், கீரைகளின் மிகச் சிறு கொழுப்பில் பெரும்பகுதி இதே அமிலமாக இருப்பதையும் கூட்டிக்கொண்டால், கல்லிடைக்குறிச்சியின் சைவ வீடு நாம் அஞ்சுவதுபோல் வெறுமையாக இல்லை. மீதியை நிரப்ப வேண்டுவோர்க்கு இப்போது பலசரக்குக் கடைகளில் கிடைக்கிற ஆளி விதைப் பொடி உதவும். அதில் ஐந்து கிராமே ஒரு நாளைக்குப் போதும்.

இங்கே பரம்பரையைப் பற்றியும் ஒரு செய்தி சொல்லவேண்டும். நெடுஞ்சங்கிலி அமிலங்களைச் செய்யும் நொதிகளில் ஒன்றை ஆளுகிற எஃப்.ஏ.டி.எஸ்.2 என்னும் மரபணுவின் ஒரு வகை, தாவர உணவிலிருந்தே அந்த அமிலங்களைத் திறம்படச் செய்துகொள்ள உதவுகிறது. கார்னெல் சர்வகலாசாலையைச் சேர்ந்த தாமஸ் பிரென்னாவும் கோத்தப்பள்ளியும் 2016இல் வெளியிட்ட ஆய்வில், அந்த வகையை இரு பெற்றோரிடமிருந்தும் பெற்றவர்கள் பூனா நகரத்து மரக்கறி உணவினரில் நூற்றுக்கு 68 பேர், அமெரிக்கர்களில் 18 பேரே என்று கண்டார்கள். பல நூற்றாண்டு மரக்கறி ஆகாரத்துக்குச் சரீரம் தன்னை இசைவித்துக்கொண்டதன் அடையாளம் இது. ஆனால் அதே திறமை, ஒமேகா-6 மட்டும் வெள்ளமாகப் பாயும்போது அரக்கிடோனிக் அமிலத்தையும் தாராளமாகவே செய்யும். சூரியகாந்தி எண்ணெயில் பலகாரம் பொரித்து உண்ணும் இன்றைய மரக்கறி வீட்டுக்கு அது ஓர் எச்சரிக்கையாகும்.

இ.பி.ஏ.யும் டி.எச்.ஏ.யும் நேராகக் கிடைக்குமிடம் கடல். மீன்கூட அவற்றைத் தன்னிடத்தில் பெரிதாகப் படைப்பதில்லை. கடல்நீரில் மிதக்கும் டயட்டம் முதலிய நுண்பாசிகளே அவற்றின் மூல உற்பத்தியாளர்கள். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் அடிநீர் மேலெழுந்து உப்புச்சத்துகளைக் கொண்டுவர, ஃபிராஜிலேரியா என்னும் டயட்டம் திரளாகப் பெருகுகிறது. அது பெருகுமிடத்தைச் சாளைக் கூட்டம் நாடிவரும் என்பதை நம் நாட்டுக் கடலாராய்ச்சியாளர்கள் 1950களிலேயே கண்டிருந்தார்கள். மத்தி என்று மலையாளக் கரையிலும், பேய்ச்சாளை என்று நம் கரையிலும் வழங்கும் எண்ணெய்ச் சாளை, இந்தப் பாசியைத் தின்றே கொழுக்கிறது. மெலிந்த மாதங்களில் இரண்டு மூன்று பங்காக இருக்கும் அதன் கொழுப்பு, கொழுத்த பருவத்தில் பதினைந்தையும் தாண்டும். அப்பருவத்துச் சாளையைப் புளியும் தேங்காயும் உள்ளியும் அரைத்துவிட்ட குழம்பில் போட்டால், தாளிக்க ஊற்றிய எண்ணெய்க்கு மேலாக மீனின் எண்ணெயும் பிரிந்து சட்டியின் ஓரத்தில் மஞ்சளாய் மிதப்பதைச் சமைத்தவர்கள் அறிவார்கள். அந்தக் குழம்பைச் சோற்றில் ஊற்றிப் பிசைந்து உண்பதால் கரைந்த கொழுப்பும் வீணாவதில்லை. அதே மீனை எண்ணெயில் முக்கிப் பொரித்தாலோ, மீன்கொழுப்பில் ஒரு பகுதி வெளியேறி, அவ்விடத்தைச் சட்டியிலுள்ள எண்ணெய் பிடித்துக்கொள்கிறது. கொழுத்த சாளை 100 கிராமில் இவ்விரு அமிலங்களும் சேர்ந்து ஒரு கிராமுக்கு மேல் இருக்கும். வாரத்தில் இருமுறை அவ்வளவு உண்பவர், நாள்தோறும் 250 மில்லிகிராம் என்று வகுக்கப்பட்ட குறைந்தபட்ச அளவை எட்டிவிடுவார். நெத்திலியும் அவ்வாறே பயனுடையது. விலையுயர்ந்த மீன்தான் சத்துள்ளது என்னும் எண்ணம் இவ்விஷயத்தில் முற்றிலும் பிழை. குளத்து மீன்களான விராலும் கெண்டையும் நல்ல புரதம் தருவன. ஆனால் ஒமேகா-3 அளவில் சாளைக்கு ஈடாகா.

மீனெண்ணெய் உலகப் பிரசித்தி பெற்றதற்குக் காரணம் டென்மார்க்கு தேசத்து மருத்துவர்களான பேங், டயர்பெர்க் இருவரும் 1970இல் கிரீன்லாந்தின் வடமேற்குக் கரைக்குச் சென்று 130 எஸ்கிமோக்களின் ரத்தத்தைச் சோதித்ததே. சீல், திமிங்கிலக் கொழுப்பை மிகுதியாக உண்ட அம்மக்களின் ரத்தத்தில் இ.பி.ஏ. நிறைந்திருந்தது, ரத்தம் உறைய அதிக நேரம் பிடித்தது. அதனால் அவர்களுக்கு மாரடைப்பு அரிது என்று அவர்கள் கருதினர். மாரடைப்பு உண்மையிலேயே அங்கு அரிதாக இருந்ததா என்னும் அடிப்படையையே 2014இல் கனடா நாட்டு ஃபோடர் முதலானோர் கேள்விக்குள்ளாக்கினார்கள். ஓர் அழகிய கருதுகோள் மெய்யாகவே இருக்கவேண்டும் என்னும் அவசியமில்லை, அதைச் சோதிக்கவேண்டும். அவ்வாறே சோதித்தார்கள்.

வேல்ஸ் நாட்டில் மாரடைப்பிலிருந்து பிழைத்த 2,033 ஆடவர்களைக் கொண்டு நடத்தி 1989இல் வெளியான ஆய்வில், கொழுப்புள்ள மீனை வாரம் இருமுறை உண்ணும்படி அறிவுறுத்தப்பட்டவர்களிடையே இரண்டாண்டுக்குள் மரணம் நூற்றுக்கு 29 பங்கு குறைந்தது. இத்தாலியில் 11,324 நோயாளிகளிடம் நடந்து 1999இல் வெளியான பரிசோதனையும் நாளொன்றுக்கு ஒரு கிராம் ஒமேகா-3 மாத்திரையின் பக்கமே சாய்ந்தது. நம் தேசத்தில் மொராதாபாத் நகரத்து ஆர்.பி. சிங் 1997இல் 360 நோயாளிகளைக் கொண்டு மீனெண்ணெய்க்கும் கடுகெண்ணெய்க்கும் பெரும் பலன் கூறினார். ஆனால் அவருடைய வேறு உணவு ஆய்வுகளின் நம்பகத்தன்மை குறித்து பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலும் லான்செட்டும் 2005இல் வெளிப்படையாகவே ஐயம் தெரிவித்துவிட்டமையால், அந்த முடிவை ஆதாரமாகக் கொள்ள எனக்கு மனம் வரவில்லை. வேல்ஸ் ஆய்வாளர்களே மார்வலி நோயுள்ள 3,114 ஆடவரிடம் மறுபடியும் சோதித்து 2003இல் வெளியிட்டபோது பலன் காணப்படவில்லை. மாத்திரை உண்டவர்களிடம் திடீர் மரணம் சற்றே மிகுந்துகூட இருந்தது. பின்னர் வந்தவை இன்னும் பெரியவை. பிரிட்டனில் 15,480 நீரிழிவு நோயாளிகளிடம் ஏழு ஆண்டுகளுக்கு மேலாகவும், அமெரிக்காவில் ஆரோக்கியமுள்ள 25,871 பேரிடம் ஐந்து ஆண்டுகளுக்கு மேலாகவும் நடந்து 2018இல் முடிவு வெளியான இரு பரிசோதனைகளும், நாளொன்றுக்கு ஒரு கிராம் மாத்திரை இருதய நோய்களை மொத்தத்தில் தடுக்கவில்லை என்றே கண்டன. அமெரிக்க ஆய்வில் மாரடைப்பு மட்டும் நூற்றுக்கு 28 பங்கு குறைந்திருந்தது. மீன் அரிதாகவே உண்பவர்களிடம் பலன் மிகுதியாகத் தோன்றிற்று. இது துணைக் கணக்கே ஆயினும் நம் படுகையைப் பொறுத்தவரை கவனிக்கத்தக்கது.

அதே 2018இல், ரத்தத்தில் டிரைகிளிசரைடு என்னும் கொழுப்பு உயர்ந்த 8,179 நோயாளிகளுக்குச் சுத்திகரித்த இ.பி.ஏ.யை நாளொன்றுக்கு 4 கிராம் கொடுத்த பரிசோதனையில் இருதய விபத்துகள் நூற்றுக்கு 25 பங்கு குறைந்தன. ஒப்பீட்டுக்காக மற்றவர்களுக்குக் கொடுத்தது கனிம எண்ணெய். அதுவே அவர்களுக்குச் சிறிது தீங்கு செய்து வேற்றுமையைப் பெரிதாக்கிக் காட்டியிருக்கலாம் என்னும் விவாதம் எழுந்தது. சோள எண்ணெயை ஒப்பீடாக வைத்து, இ.பி.ஏ.யும் டி.எச்.ஏ.யும் கலந்த மருந்தை 13,078 பேருக்குக் கொடுத்து 2020இல் வெளியான மற்றொரு பரிசோதனை பலனின்றி நிறுத்தப்பட்டது. இரண்டிலும் ஒத்துவந்த செய்தி ஒன்றுண்டு: மருந்து உண்டவர்களிடம் இருதயத் துடிப்பு ஒழுங்கு தவறும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் மிகுந்தது, அளவு கூடக் கூட இந்த அபாயமும் கூடுகிறது. ஆகவே, தன்னிச்சையாக நாலைந்து மாத்திரைகளை விழுங்குவது தீங்கற்ற செயல் என்று எண்ணலாகாது. டிரைகிளிசரைடு மிக உயர்ந்தவருக்கு மருத்துவர் எழுதிக் கொடுக்கும் அளவில் மீனெண்ணெய் அதைக் குறைக்கும் என்பது நிச்சயம். மேனாட்டாரைக் காட்டிலும் ஏறத்தாழ ஆறு ஆண்டு முன்னதாக, ஐம்பத்துமூன்று வயதளவிலேயே தெற்காசியரைத் தாக்குகிற மாரடைப்பைச் சுகமாயிருப்பவர் தினம் ஒரு மாத்திரையால் தடுத்துவிடலாம் என்பதற்கு ஆதாரம் இல்லை. புகையிலை, ரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவற்றின் பக்கம் பார்க்கவேண்டிய கண்ணை அந்த மாத்திரை வேறு திசைக்குத் திருப்பிவிடுவதையே நான் பெரிய கேடாகக் கருதுகிறேன்.

இருதயத்தைக் காட்டிலும் உறுதியான பலன் கர்ப்பிணிகளிடத்தில் காணப்பட்டிருக்கிறது. எழுபது பரிசோதனைகளையும் ஏறத்தாழ இருபதாயிரம் பெண்களையும் தொகுத்து ஆராய்ந்த, காக்ரேன் என்னும் அமைப்பின் மதிப்பீடு 2018இல் வெளியாயிற்று. நெடுஞ்சங்கிலி ஒமேகா-3 பெற்றவர்களிடம் 37 வாரத்துக்கு முன் பிரசவிப்பது நூற்றுக்கு 13.4லிருந்து 11.9 ஆகவும், 34 வாரத்துக்கு முன் பிரசவிப்பது 4.6லிருந்து 2.7 ஆகவும் குறைந்தன. தாய்ப்பாலிலுள்ள டி.எச்.ஏ.யும் தாய் உண்ணும் ஆகாரத்தைப் பொறுத்தே கூடுகிறது, குறைகிறது. பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறவேண்டும் என்று பால்சுறாவைப் புட்டாக்கிக் கொடுக்கும் வழக்கம் நம் கரையில் பழமையானது. பிள்ளைத்தாய்ச்சிக்கு மீன் வேண்டும் என்னும் அந்த உணர்வு போற்றத்தக்கது. எனினும் சுறா கொழுப்புக் குறைந்த மீன், பெரிய சுறாவின் தசையில் பாதரசமும் சேர்கிறது. அந்த இடத்தைச் சாளைக்கும் நெத்திலிக்கும் கொடுப்பதே மேல். மீன் தொடாத வீட்டுக் கர்ப்பிணிக்கு நுண்பாசியிலிருந்தே வடித்தெடுத்த டி.எச்.ஏ. மாத்திரை கிடைக்கிறது; மாத்திரைக்கு நியாயமான இடம் என்று நான் கருதுவனவற்றுள் இது முதன்மையானது.

வாங்குவோர் கவனிக்கவேண்டியவை சில. உறையின் முகப்பில் 1,000 மில்லிகிராம் என்று பெரிதாக அச்சிட்டிருப்பது எண்ணெயின் எடை; பின்புறத்துச் சிறிய எழுத்தில் இ.பி.ஏ. 180, டி.எச்.ஏ. 120 என்றிருக்கும், ஆக வேண்டிய பொருள் 300 மில்லிகிராமே. வாரம் இருமுறைச் சாளைக் குழம்பு நாளொன்றுக்குச் சராசரியாகத் தருவதும் ஏறத்தாழ அவ்வளவுதான். மாத்திரையைக் கடித்துப் பார்த்தால் சிக்கு வாடை அடித்தால் எண்ணெய் காற்றுப் பட்டுக் கெட்டிருக்கிறது. நம் வெயிலில் அது விரைவாகவே கெடும். மேலும், பழைய தலைமுறையினர் மீனெண்ணெய் என்று நினைவுகொள்வது காட் மீனின் ஈரல் எண்ணெய். இரண்டாம் உலகப்போரில் அதன் வரத்து நின்றபோது, மலபார்க் கரையிலும் திருவிதாங்கூரிலும் சுறா ஈரலிலிருந்து எண்ணெய் வடித்துக் குழந்தைகளுக்குக் கொடுத்தார்கள். ஈரல் எண்ணெயின் பெருமை வைட்டமின் ஏ, டி ஆகியவற்றால் வந்தது. இப்போது பேசப்படுவது மீனின் தசை எண்ணெய். கர்ப்பிணிகள் முன்னதை மிகுதியாக உண்டால் வைட்டமின் ஏ அளவு மீறிக் கருவுக்கு ஊறு நேரலாம் என்பதால் இந்தப் பேதம் அவசியம் தெரிந்திருக்கவேண்டும்.

சாளையின் எண்ணெயை மனிதர் உண்ணும் பொருளாக நம் ராஜதானி நெடுங்காலம் கருதவில்லை. 1907இல் சர் ஃபிரெடரிக் நிக்கல்சன் தலைமையில் தொடங்கிய சென்னை மீன்துறை, மலபார்க் கரையில் சாளையைக் காய்ச்சி எண்ணெயைத் தொழிற்சாலைகளுக்கும் சக்கையை எருவுக்குமாகப் பிரிக்கும் முறையைச் சீர்திருத்துவதில்தான் ஊக்கம் காட்டிற்று. இன்றும் மேற்குக் கடற்கரையில் சாளையின் ஒரு பெரும்பகுதி மீன்தூள் ஆலைகளுக்குச் சென்று இறால் தீவனமாகவும் எண்ணெயாகவும் மாறுகிறது. அதே வேளையில், தொலைதூரத்துப் பெரு நாட்டின் நெத்திலி போன்ற மீனிலிருந்து வடித்த எண்ணெய் உலகமெங்கும் மாத்திரையாகி விற்பனைக்கு வருகிறது. சாளையும் என்றும் ஒரே சீராகக் கிடைப்பதன்று. கேரளக் கரையில் 2012இல் ஏறத்தாழ 4 லட்சம் டன் கிடைத்த மத்தி, 2021இல் மூவாயிரத்துச் சொச்சம் டன்னாகக் குறைந்தது. கடலின் வெப்பம், பாசியின் பெருக்கம், குஞ்சுகளையும் வாரிவிடும் வலைகள் ஆகிய யாவும் அந்த ஏற்றத்தாழ்வில் பங்குகொள்கின்றன. மாறாக, 1980களுக்குப் பின் தமிழ்நாட்டுக் கிழக்குக் கரையில் எண்ணெய்ச் சாளை முன்னிலும் மிகுதியாகப் படத் தொடங்கியது. நம் கரைக்கு வந்த இந்தச் செல்வம் ஆலைக்குப் போவதா, அடுப்புக்குப் போவதா என்பது நாம் தீர்மானிக்கவேண்டிய விஷயம்.

1923இல் திறக்கப்பட்ட திருநெல்வேலி–திருச்செந்தூர் ரயில் பாதையும், அதன் பின் வந்த பஸ்களும், இப்போது பனிக்கட்டிப் பெட்டியைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாய் வரும் மோட்டார் சைக்கிள் மீன்காரர்களும், கடலிலிருந்து ஐம்பது அறுபது கிலோமீட்டருக்கு அப்பாலும் புதிய சாளை கிடைக்கும்படி செய்திருக்கிறார்கள். தூத்துக்குடியில் 1977 முதல் மீன்வளக் கல்லூரியும், மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலையமும் இருக்கின்றன. திருநெல்வேலியில் மருத்துவக் கல்லூரியும், பாளையங்கோட்டையில் 1964 முதல் சித்த மருத்துவக் கல்லூரியும் இருக்கின்றன. இந்த நான்கும் கூடி, புன்னைக்காயலிலிருந்து அம்பாசமுத்திரம் வரையில் ஆற்றங்கரை ஊர்களில் பாலூட்டும் தாய்மாரின் பாலில் டி.எச்.ஏ. எவ்வளவு என்று ஊர்வாரியாக அளந்து, சாளை எந்த மாதத்தில் எவ்வளவு கொழுத்திருக்கிறது என்பதையும் அதனோடு சேர்த்து அட்டவணையாக்கி, ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியர் கையில் கொடுக்கவேண்டும். அப்போது, எந்த ஊர்க் கர்ப்பிணியிடம் மீனை வற்புறுத்துவது, எவளுக்கு உளுந்தும் ஆளி விதையும் போதும், எவளுக்குப் பாசி எண்ணெய் மாத்திரையை இலவசமாகவே தரவேண்டும் என்பதை அந்தச் செவிலியர் ஊரறிந்து, வீடறிந்து சொல்ல முடியும்.